செயின் லாக்: கிளிப்பா, ரிவெட்டா, ஸ்க்ரூவா?

பைக் செயினில் நூறுக்கு மேல் லிங்க் இருக்கும். அதில் ஒன்றே ஒன்றுதான் பட்டறையில் கையால் பூட்டப்படுகிறது. மற்றவை எல்லாம் தொழிற்சாலையில் மெஷின் அழுத்தி, தகடுகளைக் கோக்கும் ‘பின்’ என்ற குட்டிக் கம்பியின் முனையை அடித்து மூடி, சோதித்து அனுப்பியவை. கடையில் ‘செயின் லாக்’ என்று கேட்டால் சின்னக் கவரில் போட்டுத் தருவார்களே, அதுதான் அந்த ஒன்று. செயின் கிட் மாற்றப் போகிறவர்கள் பிராண்டு, பல் எண்ணிக்கை, விலை எல்லாம் விசாரிப்பார்கள். எந்த வகை லாக் போடுகிறார்கள் என்று மட்டும் கேட்க மாட்டார்கள். ஓடும் வண்டியில் செயின் கழன்று விழுந்தால் பெரும்பாலும் அது விட்டுப்போன இடம் இந்த லாக்தான்.

சின்ன ஸ்பிரிங் கிளிப் மாட்டிப் பூட்டும் கிளிப் லாக் என்றாலே ஆபத்து, பின்னின் முனையை விரித்து மூடும் ரிவெட் லாக்தான் பாதுகாப்பு என்று பொதுவாகச் சொல்வார்கள். அதில் பாதிதான் உண்மை. முதலில் கேட்க வேண்டியது வேறு: லாக்கின் வெளித்தகடு பின்னில் இறுக்கமாக ஏறுகிறதா, விரலால் தள்ளினாலே நழுவி ஏறுகிறதா? கிளிப்பும் ரிவெட் தலையும் தகடு பக்கவாட்டில் கழன்று வராமல் தடுக்கின்றன, அவ்வளவுதான். இழுவிசையைத் தாங்குவது பின்னும் தகடும். இரண்டும் சேரும் ஓட்டை எவ்வளவு இறுக்கம் என்பதில்தான் லாக்கின் ஆயுள் இருக்கிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். பழைய 373 சிசி கேடிஎம் 390 டியூக் இன்ஜினின் உச்ச முறுக்குவிசை 37 நியூட்டன் மீட்டர். முதல் கியரில் அது ஏறத்தாழ ஏழு மடங்காகி முன் பிராக்கெட்டுக்கு (செயின் ஏறி ஓடும் பல்சக்கரம்) வருகிறது. 15 பல் கொண்ட அந்த பிராக்கெட்டின் ஆரம் சுமார் 38 மி.மீ. கணக்கு முடிவில் செயின் மேல் விழும் இழுவை கிட்டத்தட்ட 700 கிலோ. நல்ல 520 அளவு (520, 428 என்பவை செயினின் அளவைக் குறிக்கும் எண்கள்) ஓ-ரிங் செயினை, அதாவது கிரீஸை உள்ளே அடைக்க ரப்பர் வளையம் போட்ட செயினை, அறுக்க 3,000 கிலோவுக்கு மேல் வேண்டும். ஆக, ஆக்சிலேட்டரை எவ்வளவு முறுக்கினாலும் நல்ல செயின் இழுவையால் மட்டும் அறுவதில்லை.

பிறகு ஏன் அறுகிறது? களைப்பால். 118 லிங்க் உள்ள 520 செயின், 45 பல் பின்சக்கரப் பிராக்கெட், 1.9 மீட்டர் சக்கரச் சுற்றளவு என்று வைத்தால், ஒவ்வொரு லிங்கும் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 200 முறை சுற்றி வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் மேல்பக்கம் வரும்போது இழுபடும், கீழ்ப்பக்கம் போகும்போது தளரும். 20,000 கிலோமீட்டர் ஓடினால் 40 லட்சம் முறை. மண்வெட்டியில் காம்பு சிக்கென்று ஏறியிருந்தால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். மயிரிழை ஆட்டம் இருந்தாலும் ஒவ்வொரு வெட்டுக்கும் அந்த ஆட்டம் வளரும். லாக் தகடும் அப்படித்தான். நழுவி ஏறும் தகட்டில் பின்னுக்கும் ஓட்டைக்கும் நடுவே சிறு இடைவெளி இருக்கும். இழுபடும்போதெல்லாம் பின் லேசாக வளையும், ஓட்டையின் விளிம்பு உரசும், அங்கிருந்து மயிரிழை விரிசல் கிளம்பும். இறுக்கமாக ஏறிய தகட்டில் உலோகம் பின்னை எப்போதும் பிடித்தபடி இருப்பதால் இந்த அசைவே கிடையாது. தொழிற்சாலை மெஷின்களுக்கான ரோலர் செயின் கையேடுகளிலும், நழுவி ஏறும் லாக் போட்டால் செயினுக்கு அனுமதிக்கும் சுமையை ஏறத்தாழ 20 சதவீதம் குறைத்துக்கொள்ளச் சொல்வது இதற்காகத்தான்.

இந்த உரசலைக் கண்ணாலும் பார்க்கலாம். லாக்கைத் துடைத்துவிட்டு, தகட்டிலிருந்து பின் எட்டிப் பார்க்கும் இடத்தை வெளிச்சத்தில் பாருங்கள். பின்னைச் சுற்றி செங்கல் பொடி போலச் செந்நிறத் தூள் வளையமாகப் படிந்திருந்தால் தகடு பின்னில் ஆடுகிறது என்று பொருள். ஆயில் விட்டால் தூள் மறையும், ஆட்டம் போகாது. அந்த லாக்கை மாற்றிவிட வேண்டியதுதான்.

நழுவி ஏறும் கிளிப் லாக்

100, 110, 125 சிசி வண்டிகளின் 428 செயினோடு வருவது பெரும்பாலும் இதுதான். ஒரு தகட்டில் இரண்டு பின், ஒரு தனித் தகடு, மீன் வடிவத்தில் ஒரு கிளிப். நோஸ் பிளையர் ஒன்று இருந்தால் போதும், விலையும் சில பத்து ரூபாய்தான். ஸ்ப்ளெண்டர் மாதிரி செயின் முழுக்கக் கவருக்குள் ஓடும், 8 நியூட்டன் மீட்டர் சுற்றளவில் முறுக்குவிசை உள்ள வண்டிக்கு இது தாராளம். கோடிக்கணக்கான வண்டிகள் இதில் ஓடுகின்றன. இங்கே போய் ரிவெட் லாக் தேடுவது வீண் செலவு.

ஆனால் மாட்டுவதில் தவறு நடக்க இடம் அதிகம்.

முதல் தவறு, திசை. கிளிப்பின் மூடிய முனை எப்போதும் செயின் ஓடும் திசையில் முன்னே இருக்க வேண்டும். லாக் மேல்பக்கம் இருக்கும்போது மூடிய முனை முன் பிராக்கெட்டைப் பார்க்கும். கீழ்ப்பக்கம் வரும்போது அதுவே பின்சக்கரத்தைப் பார்க்கும். இங்கேதான் குழப்பம் வருகிறது. லாக்கைக் கீழ்ப்பக்கம் வைத்து மாட்டிக்கொண்டே ‘மூடிய முனை முன்னாடி’ என்று வண்டியின் முன்பக்கம் பார்த்துப் போட்டால் தலைகீழாகிவிடும். காரணம் புரிந்தால் மறக்காது: கிளிப்பை மாட்டும்போது மூடிய முனையைத்தான் தள்ளுகிறோம், கழற்றும்போது திறந்த முனையைத் தள்ளுகிறோம். ஓட்டத்தில் கல்லோ கவரின் விளிம்போ மூடிய முனையில் மோதினால் கிளிப் இன்னும் இறுகும். திறந்த முனையில் மோதினால் பிளையர் செய்யும் வேலையை அந்தக் கல் செய்துவிடும்.

இரண்டாவது, பழைய கிளிப். ஒருமுறை கழற்றிய கிளிப்பின் இரு கால்களும் சற்று அகன்றிருக்கும், பழைய ஸ்பிரிங் இறுக்கம் இருக்காது. பின்சக்கரத்தைக் கழற்றும் சாக்கில் லாக்கையும் கழற்றினால் கிளிப் புதிதாகத்தான் போட வேண்டும். கிளிப் மட்டும் தனியாகக் கிடைக்காவிட்டால் முழு லாக்காக மாற்றுங்கள். மாட்டும்போது ‘டக்’ என்று தெளிவாக விழ வேண்டும். விழுந்த பின் கிளிப் தகட்டோடு படிந்து உட்கார்ந்திருக்க வேண்டும். நடுவே வெளிச்சம் தெரியக் கூடாது, நகத்தால் நெம்பினால் அசையக் கூடாது.

மூன்றாவது கடையிலேயே தொடங்குகிறது: 428-க்கும் 428எச்-க்கும் உள்ள வேறுபாடு. இரண்டுக்கும் பிட்ச், அதாவது அடுத்தடுத்த பின்களுக்கு இடையிலான தூரம், 12.7 மி.மீ.தான், பிராக்கெட்டும் ஒன்றே. ஆனால் 428-இல் தகட்டின் கனம் 1.5 மி.மீ., 428எச்-இல் 2 மி.மீ. 428எச் செயினில் 428 லாக்கைப் போட்டால் பின் நீளம் பற்றாது. கிளிப் உட்காரும் பள்ளம் பாதி தகட்டுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். கிளிப் ஏறிவிட்ட மாதிரி தெரியும், உண்மையில் விளிம்பில் தொற்றிக்கொண்டிருக்கும். மாற்றிப் போட்டால், அதாவது 428 செயினில் 428எச் லாக் போட்டால், பக்கவாட்டில் ஆட்டம் வரும். செயின் தகட்டில் பொறித்திருக்கும் எழுத்தைப் படித்து, அதே கம்பெனியின் அதே எண்ணுள்ள லாக்கை வாங்குவதுதான் சரி. கோவை எல்.ஜி.பி.யின் ரோலான் ஆனாலும் சென்னை டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸின் டயமண்ட் ஆனாலும் செயினுக்கு உரிய லாக்கைத் தனியாகக் கேட்டு வாங்க முடியும்.

செயின் லூஸாக ஓடுவதும் கிளிப்பின் எதிரிதான். பெரும்பாலான சிறு வண்டிகளுக்கு 20 முதல் 30 மி.மீ. ஆட்டம் போதும். அதைத் தாண்டித் தொங்கும் செயின் கவரின் உட்சுவரில் அடிக்கும். கவரிலிருந்து ‘டக் டக்’ என்று சீராகச் சத்தம் வந்தால் கவரைக் கழற்றிக் கிளிப்பைப் பாருங்கள். கிளிப்பின் முகம் தேய்ந்து கண்ணாடி போலப் பளபளத்தால் அது உரசிக்கொண்டே ஓடியிருக்கிறது.

இறுக்கி ஏற்றும் கிளிப் லாக்

பார்க்க முன்னதைப் போலவே இருக்கும், தகடு மட்டும் கையால் ஏறாது. ஓட்டை பின்னைவிட ஒரு துளி சிறியது. பிரஸ் டூல் வைத்து அழுத்தித்தான் ஏற்ற வேண்டும். டி.ஐ.டி. கம்பெனியின் செயின்களில் ஆர்ஜே என்று முடிவது நழுவி ஏறும் கிளிப், எஃப்ஜே என்று முடிவது இறுக்கி ஏற்றும் கிளிப், இசட்ஜே என்று முடிவது ரிவெட். லாக்கைப் போட்டுத் தரும் கவரின் மேல் இருக்கும் இந்த எழுத்துகளைப் பாருங்கள். கிளிப் என்று பொதுவாக எழுதியிருப்பதை மட்டும் நம்பி வாங்க வேண்டாம்.

நம்பகத்தில் இது ரிவெட்டுக்குப் பக்கத்தில் வருகிறது. கிளிப்பே தெறித்துப் போனாலும் தகடு உடனே விழுந்துவிடாது. இறுக்கத்தால் கொஞ்ச தூரம் பின்னில் நிற்கும். தினமும் செயினைப் பார்க்கும் பழக்கம் உள்ளவருக்கு அந்த அவகாசம் கைகொடுக்கும். 450 சிசி மோட்டோகிராஸ் வண்டிகளிலும் கிளிப் லாக் சாதாரணமாகப் பயன்படுகிறது. குதிரைத்திறன் அதிகம்தான், ஆனால் அங்கே செயினை ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் பார்க்கிறார்கள், சீக்கிரமே மாற்றியும் விடுகிறார்கள். ஆறு மாதம் செயின் பக்கமே திரும்பிப் பார்க்காதவர் அதை உதாரணம் காட்டக் கூடாது.

இந்த லாக்கைக் கெடுக்க எளிய வழி ஒன்று உண்டு. தகடு ஏறவில்லை என்று ஓட்டையை ரவுண்டு ஃபைல் வைத்து ராவி, கையால் ஏறும்படி செய்துவிடுவது. அதோடு இறுக்கி ஏற்றும் லாக்கின் பயன் முழுவதும் போய்விட்டது. பிரஸ் டூல் இல்லையென்றால் சி-கிளாம்பும், பின் உள்ளே போகும் அளவுக்கு ஓட்டை உள்ள இரண்டு சிறு நட்டும் போதும். நட்டைப் பின் மேல் வைத்து ஒரு பக்கம் கொஞ்சம், மறுபக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி அழுத்தினால் தகடு நேராக ஏறும். கிளிப்பின் பள்ளம் முழுதாக வெளியே தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள்.

ரிவெட் லாக்

200 சிசிக்கு மேல், ஓ-ரிங் அல்லது எக்ஸ்-ரிங் செயின், கவர் இல்லாமல் திறந்து ஓடும் வண்டி என்றால் இதுதான் சரியான தேர்வு. தகடு இறுக்கமாக ஏறுகிறது. அதோடு பின் முனை விரிந்து மூடிவிடுவதால் கழல எதுவும் இல்லை. சரியாகச் செய்த ரிவெட் லாக்குக்கும் தொழிற்சாலை லிங்குக்கும் நடைமுறையில் வேறுபாடு இல்லை. தவறாகச் செய்த ரிவெட் நல்ல கிளிப்பைவிட மோசம், ஏனென்றால் வெளியே பார்த்தால் சரியாக இருப்பது போலவே தெரியும். அதனால் செய்முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பழைய செயினை அறுக்கும் முன், தள்ளப்போகும் பின்னின் தலையைக் கிரைண்டரால் தகட்டு மட்டத்துக்குத் தேய்த்துவிட வேண்டும். தேய்க்காமல் தள்ளினால் செயின் கட்டர் டூலின் ஊசிதான் முதலில் முறியும்.

புதிய செயினின் இரு முனைகளையும் பின்சக்கரப் பிராக்கெட்டின் பற்களில் வைத்து அங்கேயே இணையுங்கள். பற்களே இரு முனையையும் சரியான பிட்ச்சில் பிடித்துக்கொள்ளும். லாக்கோடு வரும் கிரீஸ் பாக்கெட்டை மிச்சம் வைக்காமல் பின்னிலும் ரிங்கிலும் தடவுங்கள். மற்ற லிங்குகளில் கிரீஸை உள்ளே அடைத்து ரிங்கால் மூடியே அனுப்புகிறார்கள். இந்த ஒரு லிங்குக்கு மட்டும் நீங்கள் தடவுவதுதான் கடைசி வரைக்கும். மொத்தம் நான்கு ரிங்: உள்பக்கம் இரண்டு, வெளிப்பக்கம் இரண்டு. வெளிப்பக்கத்து இரண்டை மறந்துவிட்டுத் தகட்டை ஏற்றுவது அடிக்கடி நடக்கும் தவறு. அப்படி ஏற்றினால் சில ஆயிரம் கிலோமீட்டரில் அந்த லிங்க் மட்டும் துருப்பிடித்து மடங்காமல் நிற்கும்.

லாக்கை உள்ளிருந்து வெளியே நுழைத்து, எழுத்துப் பொறித்த முகம் வெளியே தெரியும்படி தகட்டை வைத்து, டூலால் மெல்ல அழுத்துங்கள். எங்கே நிறுத்துவது என்பதை வெர்னியர் என்ற அளவுக் கருவிதான் சொல்லும். பக்கத்து லிங்கின் வெளித்தகடுகளின் மொத்த அகலத்தை முதலில் அளந்துகொள்ளுங்கள். லாக்கின் அகலமும் அதே அளவுக்கு வந்ததும் நிறுத்துங்கள். அதற்கு மேல் அழுத்தினால் ரிங் நசுங்கும், லிங்க் மடங்காது. குறைவாக அழுத்தினால் ரிங் மூடாது, மழைநீர் உள்ளே போகும். கையால் மடக்கிப் பார்த்தால் பக்கத்து லிங்க் போலவே வளைய வேண்டும்.

பிறகு பின் முனையை விரிப்பது. 520 அளவு செயினில் பின் தகட்டுக்கு வெளியே 1.2 முதல் 1.4 மி.மீ. வரை எட்டிப் பார்க்கும். விரித்த பின் தலையின் விட்டம் பெரும்பாலான 520 செயின்களில் 5.5 முதல் 5.8 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். செயினோடு வரும் தாளில் போட்டிருக்கும் அளவுதான் இறுதி. விரிக்காத பின்னைவிட அரை மி.மீ. அளவுதான் கூடும். கண்ணால் பார்த்தால் ‘விரியவே இல்லையே’ என்று தோன்றும், இன்னும் ஒரு திருகு கொடுக்கச் சொல்லிக் கை பரபரக்கும். அங்கேதான் கெடுகிறது. டூலைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று திருப்பி, எடுத்து அளந்து, மறுபடி திருப்ப வேண்டும். குறுக்கும் நெடுக்குமாக இரு திசையில் அளவெடுங்கள். கடைசியில் டார்ச் அடித்துத் தலையின் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். பூவிதழ் போல ஒரே ஒரு விரிசல் தெரிந்தாலும் அந்த லாக் முடிந்தது. வெட்டி எடுத்துவிட்டுப் புதியது போடுவதைத் தவிர வழியில்லை.

சுத்தியலால் அடித்து ரிவெட் செய்யும் பழக்கம் இன்னும் இருக்கிறது. ஒவ்வொரு அடிக்கும் பின் சற்றுச் சாய்கிறது, தகடும் தேவைக்கு மேல் உள்ளே போகிறது, தலை ஒருபக்கமாக மடங்குகிறது. டூலின் விலை சில ஆயிரம் ரூபாய். ஒரே வண்டிக்காக வாங்க வேண்டாம் என்று நினைத்தால் டூல் வைத்திருக்கும் மெக்கானிக்கைத் தேடிப் போங்கள். வேலை முடிந்ததும் அகலத்தையும் தலை விட்டத்தையும் வெர்னியரில் காட்டச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் முகம் சுளிக்காமல் காட்டுவார்.

ஸ்க்ரூ லாக்கும் முழுச் செயினும்

ஈ.கே. கம்பெனி தரும் ஸ்க்ரூ லாக்கில் பின் நீளமாக, முனையில் மரை வெட்டியிருக்கும். ஸ்பேனரால் இரு நட்டையும் மாற்றி மாற்றி முடுக்கினால் தகடு தானாக ஏறும். பிறகு மிஞ்சும் நீள முனையைப் பிளையரால் ஒடித்துவிட வேண்டும். தனி டூல் வேண்டாம், ஆனாலும் இறுக்கி ஏற்றும் தகடு கிடைக்கிறது. டூல் இல்லாமல் வீட்டிலேயே வேலை பார்ப்பவருக்கு இது நல்ல வழி. குறை என்னவென்றால் அந்தச் செயினுக்கு அந்த லாக் மட்டும்தான்; நம் ஊர்க் கடைகளில் உடனே கைக்குக் கிடைப்பதும் இல்லை.

லாக்கே இல்லாமல் வட்டமாக வரும் செயின் எல்லாவற்றையும்விட நிம்மதி. ஆனால் பெரும்பாலான வண்டிகளில் பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மைக் கழற்றினால்தான் மாட்ட முடியும். ஸ்விங் ஆர்ம் புஷ் எப்படியும் மாற்ற வேண்டியிருந்தால் இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்வது லாபம். அதற்காகவே பிரிப்பது தேவையில்லை.

ஒரு லிங்க் கட் பண்ணலாமா?

செயினை இறுக்கும் அட்ஜஸ்டர் கடைசிக்கு வந்துவிட்டால் ‘ஒரு லிங்க் கட் பண்ணிடலாம் சார்’ என்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். அட்ஜஸ்டர் கடைசிக்கு வந்ததே செயின் நீண்டு முடிந்துவிட்டது என்பதற்கான அடையாளம். செயினை இழுத்துப் பிடித்து 20 லிங்க் நீளத்தை அளந்து பாருங்கள். புதிய 428-இல் அது 254 மி.மீ., புதிய 520-இல் 317.5 மி.மீ. 520-இல் 323 மி.மீ. ஆகிவிட்டால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. அந்த நிலையில் லிங்க் வெட்டினால் பிட்ச் நீண்ட பழைய செயின் பிராக்கெட் பற்களை மென்றுகொண்டே போகும். பழைய லாக்கை விட்டுவிட்டு வேறு இடத்தில் வெட்டினால் செயினில் இரண்டாவது லாக்கும் சேரும். வளைந்த தகடு உள்ள அரை லிங்க் போடுவது அதைவிட மோசம். இழுபடும் ஒவ்வொரு முறையும் அந்த வளைவு நிமிரப் பார்க்கும்; இங்கே சொன்ன எல்லா வகையிலும் பலம் குறைந்தது அதுதான்.

லாக் விட்டால் செயின் தரையில் விழுந்து வண்டி நிற்பதோடு முடியும் என்று எண்ண வேண்டாம். பல நேரம் அது முன் பிராக்கெட்டில் சுருண்டு இன்ஜின் கேஸைப் பிளக்கும், இல்லாவிட்டால் பின்சக்கரத்தை அப்படியே பூட்டிவிடும். 80 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் பூட்டினால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

புதிய லாக் போட்டபின் முதல் 100 கிலோமீட்டரில் ஒருமுறை, பிறகு செயினுக்கு ஆயில் விடும்போதெல்லாம் ஒருமுறை அதைத் தேடிப் பாருங்கள். எளிதில் கண்ணில் பட, லாக்குக்குப் பக்கத்து லிங்கில் ஒரு சொட்டு வெள்ளைப் பெயின்ட் வைத்துக்கொள்ளலாம். ஓ-ரிங் செயினை மண்ணெண்ணெய் நனைத்த மென்மையான பிரஷ்ஷால் துடையுங்கள். பெட்ரோலும் கம்பி பிரஷ்ஷும் ரிங்கைக் கெடுத்துவிடும்.

ரிவெட் செயின் போட்ட வண்டியில் நெடுந்தூரம் போகிறவர்கள், அதே செயினுக்கு உரிய இறுக்கி ஏற்றும் கிளிப் லாக் ஒன்றை நான்கு ரிங்கோடு சீட்டுக்கு அடியில் வைத்திருங்கள், கூடவே ஒரு சிறிய செயின் கட்டரும், தகட்டை அழுத்தி ஏற்ற சி-கிளாம்பும் இரண்டு நட்டும். வழியில் செயின் விட்டால் அதைப் போட்டு நிதானமாக ஓட்டிக்கொண்டு ஊர் வந்து சேரலாம். விட்டது ஏன் என்று பார்த்து, செயினில் பழுது இல்லையென்று உறுதியான பிறகு, கிளிப்பைக் கழற்றிவிட்டு ரிவெட் லாக் போட்டுக்கொள்ளுங்கள்.